உருக்குகிற உப்பு உறைய வைப்பது எப்படி?

கேட்கப்பட்டது இதுதான்: "குல்ஃபி விற்பவர் பானையில் ஐஸோடு கல் உப்பையும் அள்ளிப் போடுகிறார். உப்புப் போட்டால்தான் குளிர்ச்சி ஏறும் என்கிறார். பனி பெய்கிற நாடுகளிலோ சாலையில் உறைந்த ஐஸை உருக்குவதற்கு உப்புத் தூவுகிறார்கள். ஒரே உப்பு ஓரிடத்தில் உருக்குகிறது, இன்னோரிடத்தில் உறைய வைக்கிறது. எது சரி? 'தொகைசார் பண்புகள்' என்ற பாடத்தில் விடை இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் சூத்திரம்தான் இருந்தது."

இரண்டும் சரி. பானைக்குள்ளும் உப்பு உருக்கத்தான் செய்கிறது. குளிர்ச்சி வருவதே அந்த உருகலால்தான்.

ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். சாலையில் அந்த வெப்பத்தைத் தரையும் காற்றும் ஓடுகிற வண்டிச் சக்கரங்களும் கொடுக்கின்றன. துணி சுற்றி மூடிய பானைக்குள் வெளிவெப்பம் எளிதில் நுழைய முடியாது. ஐஸ் உருகியே தீர வேண்டும், வெப்பம் தருவாரும் இல்லை என்றால், கையிருப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர், மிச்சமிருக்கும் ஐஸ், நடுவில் செருகியிருக்கும் குல்ஃபி அச்சுகள் என எல்லாவற்றிலிருந்தும் வெப்பம் உறிஞ்சப்படுகிறது. ஒட்டுமொத்தப் பானையும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது.

சரி, பூஜ்யத்துக்குக் கீழே ஐஸ் ஏன் உருக வேண்டும்? பாடப்புத்தகம் சூத்திரத்துக்குத் தாவிவிடுகிற இடம் இதுதான்.

பூஜ்யம் டிகிரியில் ஐஸும் தண்ணீரும் சேர்ந்திருக்கும்போது எதுவும் நடக்காதது போலத் தோன்றும். உண்மையில் ஐஸிலிருந்து மூலக்கூறுகள் தண்ணீருக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. தண்ணீரிலிருந்து ஐஸுக்குத் திரும்பிக்கொண்டும் இருக்கின்றன. போவதும் வருவதும் சமம். இப்போது ஒரு படி அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணியை எடுத்தால் நிச்சயம் அரிசிதான் வரும். அதில் நூற்றுக்கு ஐந்து மணி உளுந்து கலந்துவிட்டால், நூறு தடவை எடுப்பதில் சுமார் 95 தடவைதான் அரிசி வரும். தண்ணீரில் உப்பைக் கரைப்பதும் அப்படித்தான். தண்ணீரிலிருந்து கிளம்பி ஐஸில் போய் ஒட்டும் மூலக்கூறுகளின் விகிதம் குறைகிறது. ஆனால் ஐஸுக்குள் உப்பு இல்லை. உறைபடிகம் தன் அடுக்கில் உப்பைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே ஐஸிலிருந்து கிளம்பும் கூட்டம் குறையவில்லை, திரும்பி வரும் கூட்டம் மட்டும் குறைந்துவிட்டது. தராசு உருகும் பக்கம் சாய்கிறது. மறுபடி சமமாக வேண்டுமானால் வெப்பநிலை இறங்கியாக வேண்டும். இதைத்தான் உறைநிலைத் தாழ்வு என்கிறோம்.

இதே கதையில் ஐஸ் இருந்த இடத்தில் நீராவியை வையுங்கள். ஆவியிலும் உப்பு கிடையாது. ஆகவே கரைசலிலிருந்து ஆவியாகும் தண்ணீர் குறைகிறது. ஆவி அழுத்தம் தாழ்கிறது. கொதிக்க வேண்டுமானால் இன்னும் சூடேற்ற வேண்டும். அதனால் கொதிநிலை ஏறுகிறது. ஆவியின் இடத்தில், தண்ணீரை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் ஒரு சவ்வையும் அதற்கு அப்பால் தூய நீரையும் வைத்தால் அது சவ்வூடு பரவல். பாடத்தில் நான்கு தலைப்புகளாகப் பிரித்திருப்பதெல்லாம் ஒரே அரிசி, உளுந்து விவகாரம்தான்.

உளுந்துக்குப் பதிலாகப் பச்சைப் பயறு கலந்திருந்தாலும் அரிசி வரும் வாய்ப்பு அதே 95தான். கலந்தது என்ன என்பது கணக்கில் இல்லை, எத்தனை மணி என்பதே கணக்கு. 'தொகைசார்' என்ற பெயருக்குப் பொருளும் இதுதான். பிரான்சில் கிரெனோபிள் நகரில் பேராசிரியராக இருந்த ஃபிரான்சுவா ரௌல், 1880களில் ஒவ்வொரு பொருளாகக் கரைத்துக் கரைத்து உறைநிலையையும் ஆவி அழுத்தத்தையும் அளந்து கண்டது இதைத்தான். மோல் என்பது டஜனைப்போல் எண்ணிக்கைக்கான ஓர் அலகு, மிகமிகப் பெரியது. ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல் துகள்கள் கரைந்தால் உறைநிலை 1.86 டிகிரி தாழும், கொதிநிலை 0.51 டிகிரி ஏறும். கரைந்தது சர்க்கரையா, யூரியாவா, கிளிசரினா என்று தண்ணீர் விசாரிப்பதில்லை.

இனி குல்ஃபிக்கு வருவோம். உப்பே போடாமல் வெறும் ஐஸில் அச்சை வைத்தால் என்ன ஆகும்? எத்தனை மணி நேரம் வைத்தாலும் குல்ஃபி உறையாது. சர்க்கரையும் சுண்டிய பாலும் சேர்ந்த கலவையிலேயே ஏகப்பட்ட கரைபொருள் இருக்கிறது. அது உறையத் தொடங்குவதே பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழேதான். பூஜ்யத்தில் இருக்கும் ஐஸ் அதைத் தன்னளவுக்குக் குளிர வைக்கும், அதற்குமேல் முடியாது. குல்ஃபிக்காரர் செய்வது, உள்ளே இருக்கும் கரைசலை வெளியே இருக்கும் அதைவிடச் செறிவான இன்னொரு கரைசலால் தோற்கடிப்பது.

எவ்வளவு உப்புப் போடலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது. உப்பு எடையில் 23.3 சதவீதம் உள்ள கரைசல்தான் மிகத் தாழ்வாக உறைவது, மைனஸ் 21.1 டிகிரியில். அதாவது பத்து கிலோ ஐஸுக்கு மூன்று கிலோ உப்பு. அதற்குமேல் போடுகிற உப்பு அடியில் வண்டலாகக் கிடக்கும், காசுக்குத்தான் கேடு. சாலையில் தூவும் உப்பும் மைனஸ் 21க்குக் கீழே ஒன்றும் செய்யாது. நடைமுறையில் அதற்கு வெகு முன்பே மந்தமாகிவிடும். அங்கெல்லாம் கால்சியம் குளோரைடுதான் கைகொடுக்கும்.

இன்னொரு வேடிக்கை. குல்ஃபி உறையத் தொடங்கும்போது முதலில் பிரிவது சர்க்கரை இல்லாத ஐஸ் படிகம். மிச்சமிருக்கும் பாகு இன்னும் செறிவாகிறது, அதன் உறைநிலை இன்னும் தாழ்கிறது. இன்னும் குளிர்ந்தால் இன்னும் கொஞ்சம் உறைகிறது, மிச்சம் இன்னும் செறிவாகிறது. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில்கூட ஐஸ்கிரீமின் தண்ணீரில் ஒரு பகுதி உறையாத பாகாகத்தான் இருக்கிறது. அதனால்தான் கரண்டி இறங்குகிறது. இல்லையென்றால் பாறையை உடைத்துத்தான் தின்ன வேண்டும். சர்க்கரையைக் குறைத்து ஐஸ்கிரீம் செய்து பார்த்தவர்களுக்கு இந்தப் பாறை பழக்கமாக இருக்கும்.

நான் இந்தப் பாடத்தை உண்மையில் புரிந்துகொண்டது கல்லூரியில் அல்ல, பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தபோதுதான். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க லாக்டோமீட்டர் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். லாக்டோமீட்டர் அடர்த்தியைத்தான் பார்க்கும். தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும். ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். இரண்டையும் அளவாகச் செய்தால் கருவி "நல்ல பால்" என்று சத்தியம் செய்யும். உறைநிலையை அளக்கும் கிரையோஸ்கோப் இந்த வித்தைக்கு மசியாது. பசும்பால் ஏறத்தாழ மைனஸ் 0.53 டிகிரியில் உறைகிறது. பத்து சதவீதம் தண்ணீர் கலந்தால் அது மைனஸ் 0.48 பக்கம் ஏறிவிடும். வித்தியாசம் அரை விரல்கூட இல்லை என்று தோன்றலாம். கருவி ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி வரை பார்க்கும்.

எனக்கு அப்போது வியப்பாக இருந்தது எருமைப்பால்தான். பசும்பாலைப்போல் இருமடங்கு கொழுப்புக்கூட அதில் இருக்கும், பார்க்கவே கெட்டியாக இருக்கும், ஆனால் உறைநிலை கிட்டத்தட்ட அதேதான். ஏன்? கொழுப்பு கரைவதில்லை, திவலையாக மிதக்கிறது. கேசீன் புரதம் ஆயிரக்கணக்கில் சேர்ந்து பெரிய உருண்டைகளாகத் திரண்டிருக்கிறது. எடை அதிகம், தலைகள் குறைவு. தலைக்கணக்கில் நிற்பவை லாக்டோஸும் சிறு உப்புகளும்தான். பால் இரத்தத்திலிருந்து ஊறி வருவது. இரத்தத்துக்கும் பாலுக்கும் இடையில் தண்ணீர் தாராளமாகப் போய்வரும். ஆகவே இரண்டின் தலைக்கணக்கும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். லாக்டோஸ் குறைந்தால் உப்பு கூடி ஈடுகட்டும். மாடு எதைத் தின்றாலும் பாலின் உறைநிலை பெரிதாக அசையாததற்கு இதுதான் காரணம்.

கிரையோஸ்கோப்பையும் ஏமாற்ற முடியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீரோடு கொஞ்சம் உப்போ சர்க்கரையோ யூரியாவோ சேர்த்துவிட்டால் தலைக்கணக்கு சரியாகிவிடும். கருவிக்கு இனம் தெரியாது. அதனால்தான் ஆய்வகங்களில் அவற்றுக்குத் தனித்தனிச் சோதனைகளும் வைத்திருக்கிறார்கள்.

கொதிநிலை ஏற்றத்தைப் பற்றிச் சமையலறையில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: தண்ணீரில் உப்புப் போட்டால் கூடுதல் சூட்டில் கொதித்து, அரிசியும் காய்கறியும் சீக்கிரம் வேகும் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் உப்பு என்றால் 0.17 மோல், இரண்டிரண்டு அயனியாகப் பிரிவதால் 0.34. கொதிநிலை ஏறுவது 0.17 டிகிரி. குக்கரில் கிடைப்பது 120 டிகிரியை ஒட்டிய வெப்பம். இதன் பக்கத்தில் அதைச் சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கும். உப்பு சுவைக்குத்தான்.

ஆனால் பாகு காய்ச்சும்போது கதை வேறு. அடுப்பில் பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது, சர்க்கரை அப்படியே நிற்கிறது. செறிவு ஏறுகிறது, கொதிநிலையும் கூடவே ஏறுகிறது. கம்பிப் பதம் வரும்போது 106 டிகிரியைத் தாண்டியிருக்கும். தட்டில் தண்ணீர் விட்டு அதில் ஒரு சொட்டை விட்டால் விரலில் உருட்ட வரும் பதம், அதிரசத்துக்கு வேண்டியது, 112 முதல் 116 டிகிரி. கடலை மிட்டாய்க்காரர்கள் எதிர்பார்ப்பது, அந்தச் சொட்டு தண்ணீரில் கல்லாகி, தட்டில் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அங்கே வெப்பநிலை 140ஐத் தாண்டி 150 பக்கம் நிற்கும், தண்ணீர் ஓரிரு சதவீதம்தான் மிச்சம். பாட்டிமார் விரலால் பார்த்ததும் மிட்டாய்த் தொழிற்சாலையில் வெப்பமானியால் பார்ப்பதும் ஒன்றையே: பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதை. பாகு கொதிக்கும் வெப்பநிலை அதற்கு நம்பகமான கணக்குப்பிள்ளை. இந்த எண்கள் வெள்ளைச் சர்க்கரைக்கு உரியவை. வெல்லத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருக்கும். அவற்றின் மூலக்கூறு சர்க்கரையில் ஏறத்தாழ பாதி எடைதான், அதே எடைக்குத் தலைகள் அதிகம். ஆகவே வெல்லப்பாகுக்கு விரலையே நம்புங்கள்.

இங்கே சூத்திரம் உதைவாங்குவதையும் பார்க்கலாம். சர்க்கரை 80 சதவீதம் உள்ள பாகில் ஒரு கிலோ தண்ணீருக்கு 11.7 மோல். சூத்திரப்படி 106 டிகிரியில் கொதிக்க வேண்டும். உண்மையில் அதைவிடப் பல டிகிரி மேலே கொதிக்கிறது. ஒவ்வொரு சர்க்கரை மூலக்கூறும் சில தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. சுதந்திரமாக இருக்கும் தண்ணீர் நாம் ஊற்றியதைவிடக் குறைவு. எண்ணிக்கை மட்டுமே கணக்கு என்ற விதி நீர்த்த கரைசலுக்கு உரியது. செறிவு ஏற ஏற இனமும் மெல்லத் தலைகாட்டும்.

ஆவி அழுத்தத் தாழ்வைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு கரையும் மட்டும் கரைந்த தண்ணீரின் ஆவி அழுத்தம், தூய நீருடையதில் முக்கால் பங்குதான். அதனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பின் மேல் படியும் நீர் ஆவியாகிப் போவதைவிட வந்து சேர்வது அதிகமாகிறது. ஜாடி கசிகிறது. கடல் உப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீர் விட்டுக்கொள்ளும். கோடையிலும் கல் உப்பு பிசுபிசுப்பது அதனால்தான். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் பாத்தியில் உப்பு விளைந்தபின் மிச்சத் தண்ணீரை வடித்துவிடுவதும், அள்ளிய உப்பைக் குவித்து வடியவிடுவதும் இந்த மக்னீசியத்தைக் கழிக்கத்தான். அங்கேயே இன்னொன்றையும் கவனிக்கலாம். கடல்நீரின் ஆவி அழுத்தம் தூய நீரைவிட இரண்டு சதவீதம்தான் குறைவு. ஆனால் பாத்தி மாறிச் செறிவு ஏற ஏற, அதே வெயிலில் ஆவியாகும் வேகம் மட்டுப்பட்டுக்கொண்டே போகும். ஊறுகாய் எளிதில் கெடாததற்கும் இது ஒரு முக்கியக் காரணம். தண்ணீர் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான பாக்டீரியாக்களின் கைக்கு எட்டுவதில்லை.

மேலே உப்பு "இரண்டிரண்டு அயனியாகப் பிரிவதால்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு சொற்றொடருக்காக ஒருவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. உப்புக் கரைசலின் உறைநிலை எதிர்பார்த்ததைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு தாழ்வதும், கால்சியம் குளோரைடு ஏறத்தாழ மும்மடங்கு தாழ்வதும் அன்றைய வேதியியலாளர்களுக்குப் புதிராக இருந்தது. ஹாலந்துக்காரரான வாண்ட் ஹாஃப், காரணம் சொல்லாமல் ஒரு பெருக்கல் காரணியைச் சேர்த்துச் சமாளித்தார். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வான்டே அர்ரேனியஸ் 1884இல் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தபோது, அது மிகக் குறைந்த தரத்தில்தான் தேறியது. கரைசலில் உப்பு மின்னூட்டம் பெற்ற துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது என்று அவர் 1887இல் தெளிவாகவே சொன்னார். சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும், குளோரின் நஞ்சு, இரண்டும் தனித்தனியாக நம் ரசத்தில் மிதக்கின்றனவா என்று கேலி செய்யத்தான் தோன்றும். ஆனால் உறைநிலை தலைகளை எண்ணிக் காட்டிவிட்டது: ஒன்று போட்டால் இரண்டு இருக்கின்றன. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் வாண்ட் ஹாஃப்புக்குப் போனது, 1903இல் அர்ரேனியஸுக்கு.

இந்தத் தலைக்கணக்கின் மேல் உயிர் தொங்கிக்கொண்டிருக்கும் இடம் மருத்துவமனை. அங்கே ஏற்றும் இரண்டு பாட்டில்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றில் 0.9 சதவீத உப்பு, அதாவது லிட்டருக்கு 9 கிராம். மற்றதில் 5 சதவீத குளுக்கோஸ், லிட்டருக்கு 50 கிராம். எடையில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். துகள்களை எண்ணினால் முதலாவதில் 308 மில்லிமோல், இரண்டாவதில் சுமார் 278. இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 290. முதலாவது காகிதத்தில்தான் 308. எதிரெதிர் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால் உண்மையில் 286 போலத்தான் இருக்கிறது. இரண்டுமே இரத்தத்துக்கு இணையாக வருகின்றன. தூய நீரை நேராக நரம்பில் ஏற்றினால் சிவப்பணுக்களுக்குள் தண்ணீர் புகுந்து அவை வெடித்துவிடும். இரத்தத்தின் 0.29ஐ 1.86ஆல் பெருக்கினால் 0.54 வருகிறது. மேலே சொன்ன பாலின் உறைநிலைக்குப் பக்கத்தில் அந்த எண் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலிலும் இதே கணக்குதான். உலக சுகாதார நிறுவனம் 2002இல் அதன் மொத்தத் துகள் அளவை லிட்டருக்கு 311 மில்லிமோலில் இருந்து 245க்குக் குறைத்தது. இரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்ததாக இருந்தால் குடலிலிருந்து தண்ணீர் உள்ளே போவது எளிதாகிறது. வீட்டில் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்துச் "சக்தி கூடட்டும்" என்று கொடுப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். செறிவு இருமடங்கானால் குடல் தண்ணீரை வாங்குவதற்குப் பதில் விடத் தொடங்கும்; உடம்பில் சோடியமும் அளவு மீறும். பாக்கெட்டின் மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீர், அதுவே மருந்தின் பாதி.

சவ்வூடு பரவலின் வலிமை எவ்வளவு என்பதற்குக் கடல்நீர் நல்ல சான்று. தூய நீருக்கும் கடல்நீருக்கும் நடுவில் சவ்வை வைத்தால் ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தத்தோடு தண்ணீர் உப்புப் பக்கம் பாயும். அதை எதிர்த்துத் தள்ளித்தான் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சென்னைக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். 2010இலும் 2013இலும் தொடங்கிய அந்த நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனோடு கட்டப்பட்டவை. தண்ணீரைப் பிழிந்தெடுக்க எடுக்க மிச்சம் செறிவாவதால், இத்தகைய நிலையங்களில் அந்த 27ஐப்போல் இருமடங்குக்கு மேல் அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடல்நீர்க் குடிநீர் ஏன் மின்சாரத்தை விழுங்குகிறது என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

எல்லாப் பண்புகளும் இப்படித் தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. நிறம், சுவை, அடர்த்தி, பிசுபிசுப்பு, மின்கடத்தல் எல்லாம் கரைந்தது எது என்பதைப் பொறுத்தவை. குழப்பம் வராமல் இருக்க இதைச் சொல்கிறேன், அவ்வளவே.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு எவர்சில்வர் டம்ளரில் நன்றாக உடைத்த ஐஸ், நூறு நூறு கிராம். ஒன்றில் முப்பது கிராம் உப்பு, மற்றதில் முப்பது கிராம் சர்க்கரை, கிளறுங்கள். எடை ஒன்றுதான், ஆனால் உப்பு டம்ளரில் துகள்கள் கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு. சர்க்கரை டம்ளர் சில டிகிரி இறங்கியதோடு நின்றுவிடும். வெளியே தண்ணீர் துளிர்க்கும். உப்பு டம்ளரின் வெளிப்புறத்தில் துளிர்த்த தண்ணீர் சிறிது நேரத்தில் வெள்ளையாக உறைந்து படியும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு ஆகாது, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் வகை வேண்டும். ஈர விரலால் அந்த டம்ளரை அழுத்திப் பிடிக்க வேண்டாம், தோல் ஒட்டிக்கொள்ளும்.